ஏழு பேர் ஏற வேண்டிய வேன்

காலையில் ஒரு போட்டோ போட்டிருந்தேனே, சலீம் பாயும் அவர் வேனும் நானும். "நம்ம ஊர் டூரிஸ்ட் வண்டிக்காரங்களுக்குக் கை கொடுப்போம்" என்று எழுதி. அதன் மீதிக் கதை இது.

லாக்டவுன் முடிந்து அவருக்குக் கிடைத்த முதல் டிரிப் எங்களுடையது. மெட்டுகுடாவிலிருந்து அனந்தகிரி மலைக்கு. இப்போதைக்குப் பாதி சீட்டுக்குத்தான் அனுமதி, அதாவது ஏழு பேர். நாங்கள் சரியாக ஏழு பேர். கிளம்பும் நேரத்தில் மச்சான் குடும்பமும் வந்து நின்றது.

"நக்கோ சாப், வேண்டாம். பர்மிட் போயிடும்" என்றார் சலீம் பாய்.

"யாரு பாக்கப் போறா? அட்ஜஸ்ட் பண்ணுங்க பாய்" என்று நானே கதவைத் திறந்து மூன்று பேரையும் ஏற்றினேன்.

ஊர் தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. "இத்தனை பேரை யார் ஏத்தினது?"

சலீம் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என் தப்புதான் சார்" என்றார் அவர்.

பின்சீட்டில் என் மகள் ஜெனி எழுந்தாள். ஆறாம் வகுப்பு. பிறந்து வளர்ந்தது இந்தத் தெலுங்கு ஊரில்தான். வீட்டில் தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். போலீஸ்காரரிடமும் தெலுங்கிலேயே தெளிவாகச் சொன்னாள்: "அங்கிள் வேண்டாம்னுதான் சொன்னாரு. எங்க டாடிதான் ஏத்தினாரு."

இருந்தும் அபராதச் சீட்டு வண்டி நம்பர் மேல்தான் விழுந்தது.

வீட்டில் இறக்கிவிடும்போது சலீம் பாய், "அடுத்த தடவையும் என்னையே கூப்பிடுங்க சாப்" என்றார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

காலைப் பதிவுக்கு இன்னும் லைக் விழுந்துகொண்டே இருக்கிறது. போதும், நிறுத்துங்கள். ஏழு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் மட்டுமே ஏறுகிற குடும்பம் ஏதாவது இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். சலீம் பாய் நம்பர் தருகிறேன்.