போடியார் மகனுக்கு ஒரு குடிசை

போன வாரம் ஒரு மனிதரை நான் பட்டினி போட்டேன். பேனையால்தான். அதற்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கஜன் அண்ணாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கோயில் திருவிழா மேடைகளில் பாடுகிறவர். இப்போது யூடியூப்பிலும் கொடி கட்டிப் பறக்கிறார். அவரைப் பற்றி ஒரு டொகுமென்டரி. தயாரிப்பு - அவரே. புகழ்ந்து பேசுவது - அவருடைய நண்பர்கள். பின்னணிக் குரலுக்கு ஸ்கிரிப்ட் - நான்.

இந்த வகைப் படங்களில் ஒன்றையும் நான் விட்டுவைப்பதில்லை. நடிகர், கிரிக்கெட் வீரர், பாடகி... யாராக இருந்தால் என்ன? ட்ரோன் மேலே எழும்பும். பியானோ மெதுவாக அழும். பிறகு ஒரு குடிசை வரும். குடிசை இல்லாமல் புகழ் இல்லை என்பது இன்றைய சட்டம்.

ஆகவே நானும் எழுதினேன் - ‘ஒரு வேளைச் சோற்றுக்கும் வழியில்லாத வீட்டில் பிறந்தவர்...’

குடிசைக்கு எங்கே போவது? உன்னிச்சையில் அண்ணாவின் குடும்ப வயல் இருக்கிறது. அதன் நடுவே ஓலை வேய்ந்த வாடி ஒன்று. ட்ரோனில் பார்த்தால் அத்தனை அழகு.

ஊர் மண்டபத்தில் திரையிடுவதற்கு இரண்டு நாள் முன்பு, அண்ணா வீட்டு ஹோலில் எல்லோரும் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். குடிசை வந்ததும் அவருடைய மூத்த சகோதரி மலர் அக்கா எழுந்து நின்றார்.

“நிப்பாட்டுங்க. ஆர்ட வீடு இது?”

“நாம பிறந்த வீடு மாதிரி அக்கா. சும்மா ஒரு இதுக்கு...” என்றார் அண்ணா.

“இது ஆனைக் காவலுக்குப் படுக்கிற வாடி. நீ இதுக்குள்ளயா பிறந்த? அப்ப நாங்க என்ன, ஆனைக் குட்டியளா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

“அத்தின வயலுக்கும் சொந்தக்காரரெண்டு அப்பாவ ஊரே போடியார் எண்டு கூப்பிட்டது. வயலுக்கு வந்த சனமெல்லாம் நம்மட வீட்டிலதான் சோறு திண்டது. அந்த மனிசன் தன்ட பிள்ளையப் பட்டினி போட்டாரெண்டு மண்டபத்தில காட்டப் போறாய். அவர் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லுவாரா?”

“எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கிறாங்க அக்கா. கஷ்டம் இல்லாட்டி ஆரு பாக்கிற?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “நீதானே எழுதின. நம்மட வீட்டில எத்தின தரம் சாப்பிட்டிருக்காய் மனே?”

அன்று மதியமும் அங்கேதான் மீன் குழம்பு.

“அந்த நாலு நிமிசத்த வெட்டினா படமே இல்ல” என்று அண்ணா என் காதோடு சொன்னார். உண்மைதான். நான் எழுதியதில் உச்சமே அந்த இடம்தான்.

ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. இன்றைய புகழுக்கு ஒரு ஏழை அப்பா கட்டாயம் தேவை. கிடைக்காவிட்டால், இருக்கிற அப்பாவை ஏழையாக்கிவிடுகிறோம். பசித்தவர்களிடமிருந்து கதையைக் களவெடுத்து, பசியாற்றியவரின் பெயரையும் கெடுத்து... ஒரே காட்சியில் இரண்டு பாவம்.

“நான் வெட்டுறன் அண்ணா” என்றேன்.

“அப்ப அந்த இடத்தில என்னத்தப் போடுற?”

“உங்கட முதல் கீபோர்ட்ட ஆரு வாங்கித் தந்த?”

“அப்பாதான்.”

“அதச் சொல்லுங்க.”

ஒரே டேக். ட்ரோன் இல்லை, பியானோ இல்லை. “நான் கேட்டன். அப்பா வாங்கித் தந்தார். ஏனெண்டும் கேக்கல்ல.” அவ்வளவுதான். அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார்.

மண்டபத்தில் படம் முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்து, “படம் நல்லம். ஆனா கஷ்டம் காணாது, இன்னும் கொஞ்சம் வேணும்” என்றார்.

என்ன செய்வது தம்பி? வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைக்கும் சில நேரம் நல்ல குரல் வந்துவிடுகிறதே.