மீன்கொத்திக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

என் அண்ணி விஜயராணிக்கு அழகான எதைப் பார்த்தாலும் பயம் வந்துவிடும். யார் கண்ணாவது பட்டுவிடுமே என்ற பயம்தான். சுகுமாரன் அண்ணன் புது மைவி கார் வாங்கிய அன்றே அதன் விளக்கோரம் கண்மையால் ஒரு பொட்டு வைத்தார். பெம்பானில் கல்யாணக் கேக் செய்து விற்ற காலத்திலும் கேக்கின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். ஒரு மாப்பிள்ளை அதை ஈ என்று நினைத்து விரட்டிக்கொண்டே நின்றார்.

கேக்கில் பூப்போட்ட அந்தக் கை இப்போது என்னோடு புக்கிட் பெருவாங் ஊரில் உள்ள ஒரு கடிகாரப் பட்டறையில் தோல் வார் தைக்கிறது. பெரும் பணக்காரர்கள் கட்டும் கடிகாரங்கள். அவற்றின் முகப்பில் எனாமல் சாயத்தால் சித்திரம் எழுத ஆள் தேவைப்பட்டது. ஒரு மீன்கொத்தியை வரைந்து காட்டு, தேறினால் சித்திர மேசை, இல்லையென்றால் தோல் வாரே கதி என்றார்கள். அண்ணிக்கு அந்த மேசைமேல் உயிர்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய தகட்டில், மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு சாயமாகப் பூசி, ஒவ்வொரு தடவையும் சூளையில் சுட்டு எடுத்தார். இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்கே பொறாமையாக இருந்தது.

தேர்வு செய்பவள் லக்ஷனா, சுவிட்சர்லாந்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்த சின்னப் பெண். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, கன்னத்துல இது என்ன, தூசா?"

"பொட்டு மிஸ். கண்ணு படக்கூடாதுல்ல."

"யாரு கண்ணுக்கா?"

"உங்க கண்ணுதான். இவ்ளோ பெரிய கண்ணாடி போட்டுல்ல பாக்குறீங்க!"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுட்ட எனாமலை அழிக்கவும் முடியாது. நல்லவேளை, லக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொண்ணு செஞ்சு குடுங்கக்கா. பொட்டு வேணாம் லா. இதான் லாஸ்ட் சான்ஸ்."

இரண்டாவது மீன்கொத்தி முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டது. கன்னம் மட்டும் வெறுமையாக இருந்தது. பொட்டில்லாத கைக்குழந்தையைக் கல்யாண வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்போல அண்ணிக்கு ஒரே தவிப்பு.

"ஐயோ, எவ்ளோ அழகுக்கா!" என்றாள் லக்ஷனா.

"அழகெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ். சுமார்தான்."

"இந்த இறகப் பாருங்களேன்..."

"வாலு கொஞ்சம் குட்டை. மூக்குகூடக் கோணல் மாதிரி இருக்கு."

லக்ஷனா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தாள். "கோணலா? அப்படின்னா நான் பாஸ் பண்ண முடியாதேக்கா. உண்மையச் சொல்லுங்க."

எனக்கு அண்ணியை அங்கேயே இரண்டு சாத்தலாம் போலிருந்தது. நன்றாக இருக்கிறது என்றால் கண் படும். கோணல் என்றால் மேசை போகும். பெற்ற பிள்ளைகளைக்கூட ஒருவர் முன்னால் அழகு என்று சொல்லாதவர், கையுறையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இல்ல மிஸ்," என்றார். "நல்லாத்தான் இருக்கு. ரொம்ப அழகா இருக்கு."

சொன்ன வேகத்தில் இரண்டு கையாலும் மீன்கொத்தியைக் காற்றிலேயே வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் சடசடவென்று சொடுக்கிய சத்தத்தில் லக்ஷனா பூதக்கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பாஸ்க்கா, பாஸ்!" என்று அலறினாள்.