மஞ்சள் பூசிய காசோலை

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பிரிண்டர் இருந்துச்சாம். போன வாரம் வரைக்கும் அது கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் அடிச்சுச்சாம். பிரிண்டர் மாட்டிக்கொடுக்கும் எங்கள் பிழைப்பில் கதைகள் இப்படித்தான் தொடங்கும். பேப்பர் சிக்கி விழி பிதுங்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஆலங்குடிப் பக்கம். அச்சகம் செல்வி அக்காவுடையது.

ஒரே கறுப்பு

காசோலை அடிக்கும் வேலையை அக்காவுக்குத் தருவதாக ஒரு வங்கி சொல்லியிருந்தது. முதலில் மாதிரி தேற வேண்டும். அதற்கென்று வங்கி எண்ணிக் கொடுத்தது பத்தே காசோலைத் தாள். காசோலையின் அடியில் வரிசையாக இருக்கும் எண்களைக் காந்த மையில்தான் அடிக்க வேண்டும். வங்கியின் கருவி அந்தக் காந்தத்தைத்தான் படிக்கும்.

காசோலை அளவில் வெட்டிய வெள்ளைத் தாளில், சாதாரண டோனரில் ஒன்று அடித்து அளவு பார்த்தேன். பிறகு காந்த டோனரை மாட்டிப் பத்தையும் அடித்தேன். அக்கா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, ரெண்டும் ஒரே கறுப்பாத்தான இருக்கு? காந்தம் எங்கிட்டு இருக்கு?"

நாலு மூலை

டீ குடித்துவிட்டு வந்தால், இருபது வருஷமாக அங்கே பத்திரிகைக் கட்டுப் போடும் ராமையா அண்ணன், பத்துத் தாளுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஃபேனுக்கு அடியில் காய வைத்திருந்தார். கீழ் மூலைகளில் எண்களின் மேலேயே மஞ்சள். வேறு தாள் கிடையாது. மாதிரியைச் சோதிக்க வரும் வங்கி அதிகாரியோ பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதாகப் போன் செய்துவிட்டார்.

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஷட்டரைத் திறந்து வைக்க இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார். ராமையா அண்ணனுக்கு அவர் கோபமே புரியவில்லை.

"மொத மொதல்ல அடிச்சதை மஞ்சள் வைக்காம எப்புடிம்மா வெளிய அனுப்புறது?"

கண் இல்லாத பெட்டி

அதிகாரி மஞ்சளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். டிபன் பெட்டி அளவுக் கருவியை மேசையில் வைத்து, முதலில் நான் சாதாரண டோனரில் அடித்த வெள்ளைத் தாளைச் செருகினார். பளிச்சென்ற எண்கள்தான், திரையில் ஒன்றுமே வரவில்லை.

அடுத்து மஞ்சள் தாள். கர்ரென்று உள்ளே போனது. திரையில் எண்கள் வந்தன, ஒன்று விடாமல், மஞ்சளுக்கு அடியில் கிடந்தவையும். பத்துத் தாளும் அப்படியே. மேலே எது படிந்தாலும் காந்தம் தெரியும் என்று பயிற்சியில் நோட்டில் எழுதியவன்தான் நான். கண்முன்னே நடந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அக்கா ஒரு தாளை எடுத்து எண்களை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு மஞ்சள் தாளை மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்க்கொண்டே அதிகாரி சொன்னார்:

"தேறிருச்சும்மா. இனி வர்ற கட்டுல மஞ்சள் வேணாம். இந்த ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும், ஆபீஸ்ல வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

ஒரு வாரப் பயிற்சியில் என் மண்டையில் ஏறாததை, ஒரு கிண்ணம் மஞ்சள் அரை நிமிஷத்தில் ஏற்றிவிட்டது.