தவிடன்

மயிலாப்பூர்க் குளத்தருகே மாட்டுத்தீவனக் கடையைத் தாண்டும்போது தவிட்டு வாசனை அடித்தால் போதும், அடையாற்றங்கரையில் புல்டோசர் தின்றுபோட்ட எங்கள் குடிசை வரிசைக்கு மனம் ஓடிவிடும். எனக்கு அடுத்துப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் தங்கவில்லை. அதனால் கடைசித் தம்பி பிறந்ததும், அம்மா அவனைப் பக்கத்து வீட்டு ஜமீலாம்மாவுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்று நம்பி, அவனுக்குத் தவிடன் என்றே பெயரும் வைத்தாள். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவருக்காவது இருந்த பெயராம். எங்கள் பள்ளியில் அந்தப் பெயரோடு கேலிபட்டவன் அவன் ஒருவன்தான்.

சாராய வாடையும் ஆற்றுச் சேற்று நாற்றமும் கலந்த மாலைகளில் அப்பாவின் பெல்ட் பாத்திரத்தில் விழும், சுவரில் விழும், பிறகு எங்கள் முதுகில் விழும். ஒருநாள் பெல்ட் போதாமல் விறகுக்கட்டையை எடுத்தார். தம்பியின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. தடுத்த அம்மாவை மிதித்துத் தள்ளிவிட்டு, மறுபடி ஓங்கினார். அப்போதுதான் ஜமீலாம்மா அம்மிக்குழவியோடு உள்ளே வந்தாள்.

"கட்டைய கீழ போடுயா!"

"என் புள்ளய நான் அடிக்கிறேன். உனக்கு இன்னா?"

"உன் புள்ளயா? தவுடு குட்த்து வாங்கினவ நான். இன்னொரு அடி வுழுந்துச்சி, உன் மண்டைய பொளந்துடுவேன்."

அப்பாவின் கை மெல்ல இறங்கியது. அன்றுமுதல் தம்பி அவள் வீட்டில்தான் தூங்கினான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். போன மாதம் அவனிடம், "பெயரை மாற்ற நானே மனு எழுதித் தருகிறேன்" என்றேன்.

நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"அக்கா, மாத்திட்டா ஜமீலாம்மா எனக்கு யாரு?"