லொறியில் ஏற மறுத்த புஷ்பராணி சித்தி

இதை நான் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். புஷ்பராணி சித்தியின் தொழிற்சங்கத்தில் எங்கள் வீட்டார் யாரும் உறுப்பினர் இல்லை. நான் மேடை ஏறிப் பேசியவளும் இல்லை. நாலு பேர் கூடினால் ஓரமாக நிற்பதுதான் என் பழக்கம். அவரோடு சங்க வேலை செய்தவர்கள் எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் கருமாதிக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அவருடைய கணவர் சிவலிங்கம் சித்தப்பா வீடு தேடி வந்தார். "நம்ம லயத்து வீடுகள்ல இருந்து கெம்பஸ் படிக்கப் போன முதல் புள்ள நீதானே. நீ எழுதும்மா" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

நான் பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சித்தி இறந்த அன்று காலை பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "மலையில குளவி கொட்டிருச்சு. ஆளுகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாராங்க. நீ டவுன்லதானே இருக்க, ஓடிப் போயி பாரு" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "தெரியலம்மா. உங்கம்மாவும் அந்த மலையிலதான் கொழுந்து எடுத்துச்சு" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி நின்றது. தட்டில் கொழுந்துச் சாக்குகள் அப்படியே இருந்தன. அம்மா லொறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தலையில் கட்டும் துணி இல்லை. உள்ளே தள்ளுவண்டியில் ஒருவரைக் கொண்டுபோனார்கள். அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா அது?" என்று கேட்டேன். அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தார். "புஷ்பம்டி. தெரியலயா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். டாக்டர் வெளியே வந்து சொன்ன பிறகும், அவர் வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் முழுதாக நம்ப முடியவில்லை. முதல் நாள் சாயந்தரம்தானே எங்கள் வாசலில் நின்று அம்மாவோடு வாதாடிவிட்டுப் போனார்.

அந்த வாதம் ஊர்வலத்தைப் பற்றியது. விலைவாசியைக் கண்டித்து ஹாலிஎலயிலிருந்து பதுளை வரை நடந்துபோய் மனுக் கொடுக்கச் சித்தியின் சங்கம் அழைத்திருந்தது. அவருடைய மரணத்தால் அது தள்ளிப்போய், இந்தக் கருமாதிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிறது. எங்கள் தோட்டத்தில் பாதி வீடுகள் இன்னும் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கவில்லை. எங்கள் வீடும் அதில் ஒன்று.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விஷயங்கள். சித்தி பிறந்தது மொனராகலைப் பக்கம், ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி இங்கே வந்தபோது அவருக்குப் பால் வெட்டத்தான் தெரியும். தேயிலைச் செடியை அதற்கு முன் கையால் தொட்டதில்லையாம். "கொழுந்து எது, முத்தல் எதுன்னு தெரியாம எல்லாத்தையும் உருவிக்கிட்டு நின்னா" என்று அம்மா சொல்வார். அம்மாதான் அவரைத் தன் பக்கத்து நிரையில் நிறுத்திப் பழக்கினார். அன்றிலிருந்து அந்த இரண்டு நிரைகளும் மாறவில்லை.

எங்கள் மலைகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு செடி வரிசைக்கு நடுவே ஒருவர் ஏறுவார். அது அவருடைய நிரை. அடுத்தவர் நிரையில் கை வைக்கமாட்டார்கள். ஒருவர் பின்தங்கினால் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் கையைத் தாமதித்து, எல்லோரும் ஒரே வரிசையாகத்தான் மேலே போவார்கள். சித்தி இதை அம்மாவிடம்தான் கற்றார். பிறகு அவர் புருஷன் வீட்டுச் சங்கத்தில் சேர்ந்து மாதர் தலைவியானார். அம்மா தாத்தா காலத்துச் சங்கத்தை விடவில்லை. பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே இருவரும் சங்கச் சண்டை போடுவார்கள். மற்றவர்களுக்கு அது ரேடியோ கேட்பதுபோல.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த காலத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மாவுக்கு வரிசை. உரம் இல்லாமல் செடிகள் காய்ந்து கொழுந்து குறைந்தது. ஒரு நாளுக்குரிய கொழுந்து நிறை வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. காலை ரொட்டியைப் பாதியாக்கி, மீதியை மலைக்குக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் டவுனிலிருந்து சங்கத்து ஐயா ஒருவர் வந்தார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்கும்போது, "நாளைக்கு டவுன்ல ஊர்வலம், லொறி அனுப்புறோம். உங்க தோட்டத்துல இருந்து ஒரு லொறி ஆள் வேணும்" என்றார். அவருடைய சங்கத்து மாதர் தலைவியான சித்தியே மறுத்துவிட்டார்.

"லொறியில ஏத்தி, டவுன்ல எறக்கி, எண்ணிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்ப நாங்க என்ன கொழுந்தாங்கய்யா?"

"அப்ப வரமாட்டீங்களா?"

"எதுக்கு வாரோம்னு எங்களுக்குள்ள பேசணும். பேசிட்டு, வாரதுன்னா நடந்து வாரோம்."

ஐயா கோபித்துக்கொண்டு போனார். சித்தி அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பேசினார். போக வேண்டும் என்று அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. "போனா என்ன ஆகும், போகாட்டி என்ன ஆகும், ரெண்டையும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பதில் வரும்வரை அடுத்த வீட்டுக்கு நகரமாட்டார். கடைசியில் அவருடைய சங்கத்துப் பெண்கள் நடந்தே போனார்கள்.

அன்று காலை நான் அலுவலகம் போகும் பஸ்ஸில் இருந்தேன். பதுளைக் கடைத்தெருவுக்குள் நுழையும் இடத்தில் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ரோட்டை நிறைத்து, வரிசை வரிசையாக, ஆடாமல் அசையாமல் நின்றார்கள். கோஷம்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்தவர், "பாத்தீங்களா, எல்லாம் பயிற்சி குடுத்து எறக்கியிருக்காங்க" என்றார். கோபம் தணிந்து வந்து முன்னால் போய்க்கொண்டிருந்த சங்கத்து ஐயா திரும்பிப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில், "மறியல் தொடங்கிவிட்டது தோழர்களே" என்று முழங்கினார். பொலிஸ் அதிகாரி ஒருவர் ஓடி வந்தார்.

"ஏன் ரோட்டு மறிக்கிறது? யார் சொன்னது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

நடந்தது இதுதான். நடு வரிசையில் ஒரு பெண்ணின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் குனிந்தார். இரண்டு பக்கமும் வந்தவர்கள், மலையில் நிற்பதைப்போல நின்றார்கள். அவரை விட்டுவிட்டு முன்னால் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வரிசை நின்றதால் பின்னால் வந்த வரிசைகள் நின்றன. முன்னால் போனவர்களும் அவர்கள் வரட்டும் என்று நின்றுவிட்டார்கள்.

சித்தி அதிகாரியின் முன்னால் வந்தார். "மறியலும் இல்ல ஒண்ணும் இல்லைங்க சார். இவ செருப்புப் பிஞ்சு போச்சு. ஒரு ஊக்குக் கெடச்சா நாங்க பாட்டுக்குப் போயிருவோம்."

அதிகாரி ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்தார். என்ன எழுதிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் பக்கத்துப் புடவைக் கடையிலிருந்து தொப்பி போட்ட முஸ்லிம் முதலாளி ஒருவர் ஊக்கோடு இறங்கி வந்தார். "இந்தாங்க தங்கச்சி. போற வழியில இந்த நாட்டையும் கொஞ்சம் சேத்துக் குத்திட்டுப் போங்க" என்றார்.

"அதுக்கு உங்க கடையில இருக்கிற ஊக்குப் பத்தாது நானா" என்றார் சித்தி.

பஸ்ஸுக்குள்ளும் சிரிப்பு எழுந்தது. அன்று மாலை அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஊர்வலம் என்றாலே முகம் சுளிப்பவர் அடுப்பை விட்டு எழுந்து வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "ரோட்டுலயும் நிரை புடிச்சுக்கிட்டா போனாளுக?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "நான் பழக்குனதுதானே" என்றார்.

ஆனாலும் அம்மா எந்த ஊர்வலத்துக்கும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் சித்தி வாசலில் வந்து நிற்பார். கடைசித் தடவையும் வந்தார்.

"லெச்சுமி அக்கா, ஞாயித்துக்கெழம வாரீங்களா?"

"போறவ போ. என்னைய ஏன் இழுக்குற?"

"உங்க சங்கத்துக் கொடியப் புடிச்சுக்கிட்டே வாங்க. வேணாம்னு யாரு சொன்னா?"

"ஊர்வலம் போனா மாவு வெல கொறையுமா?"

"கொறையாது. நீங்க இத்தன மாசமா அடுப்படியில உக்காந்து திட்டுறீங்களே, அதுல கொறஞ்சிருச்சா?"

"ஏய், எங்க வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு கவுர்மெண்டு உத்தியோகம். அதுவும் இன்னும் நெரந்தரமாகல. நான் கொடி புடிக்கப் போயி அது பறிபோகவா?"

"அப்ப உத்தியோகத்த வீட்டுல வச்சுப் பூட்டிட்டு, நீங்க மட்டும் வாங்க."

கதவோரம் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி என் பக்கம் திரும்பினார். "நீ வராத மக. அம்மா பயப்படுறது நாயந்தான். எங்க மனு எப்புடியும் உங்க மாதிரி ஆளுக மேசைக்குத்தான் வரும். வந்தா ஒழுங்கா வாசி, அது போதும்." பிறகு அம்மாவிடம், "நாளைக்கும் வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உள்ளேயிருந்து, "கேளு, கேளு. கேக்குறதுக்கு என்ன சம்பளமா புடிக்கிறாங்க?" என்றார்.

மறுநாள் காலை அது நடந்தது. மலை உச்சி மரத்தில் குளவிக் கூடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். சித்தியே பெரட்டில் சொல்லியிருந்தார். அந்த மரத்தடியை விட்டுவிட்டுத்தான் பறித்தார்கள். ஏதோ ஒரு பருந்து கூட்டில் அடித்ததாம். அதற்குப் பிறகு யாராலும் எதையும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

சரியாகச் சொல்ல முடியாத அந்த நேரத்தைப் பற்றித்தான் இப்போது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சக தொழிலாளியைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்த வீரப் பெண் என்று அதில் இருக்கிறது. சவப்பெட்டியின் மேல் இரண்டு சங்கங்களும் கொடி போர்த்தின. பேசிய எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்தச் சக தொழிலாளி என் அம்மா என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கடைக்குப் போனால் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அம்மா என்னிடம் சொன்னது வேறு. "ரெண்டு பேரும் ஓடினோம்டி. அவ கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். அவ என்னையப் பாக்கல. நானும் அவளப் பாக்கல. குளவி அவ போன பக்கம் போயிருச்சு." இதைச் சிவலிங்கம் சித்தப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அப்படியே எழுதும்மா" என்றார் அவர். "அவ உயிரோட இருக்கணும்னுதான் ஓடியிருக்கா. அதுல என்ன கொறச்சல்? உயிரக் குடுத்தான்னு ஏன் எழுதணும்? அவ யாருக்கும் குடுக்கல."

ஆகவே எழுதுகிறேன். புஷ்பராணி சித்தி யாரையும் காப்பாற்றப் போய் இறக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தார். அது வேலை செய்யும் இடத்தில் நடக்கக்கூடாத மரணம். ஞாயிற்றுக்கிழமை நடக்க அந்தக் காரணமே போதும் என்று நினைக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னதை மீறி நானும் வருகிறேன். மனுவை ஒழுங்காக வாசிக்க வேண்டுமானால், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவையாவது கூட நடந்து பார்க்க வேண்டும்.

அடக்கம் முடிந்து எல்லோரும் மலையிறங்கிய பிறகும் அம்மா குழி மேட்டின் அருகில் நின்றார். அழவில்லை. மாலைகளுக்கு அடியில் மண்ணைக் கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். சித்தி, உங்களிடம் அன்று நான் ஒரு வார்த்தையும் பேசாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். போய் வாருங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். இவ்வளவு நேரம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

நேற்று அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்டேன். "அவ இருந்தப்ப அத்தன தடவ கூப்பிட்டா, போகல. இப்ப நானா எந்திருச்சுப் போனா, செத்தப்புறம் வந்துட்டான்னு பேசமாட்டாங்களா? யாரும் கூப்பிடாத எடத்துக்கு எப்புடிடி போறது?" என்றார். போக விருப்பமில்லை என்று அவர் சொல்லவில்லை. எங்கள் லயத்து மற்ற வீடுகளும் அம்மா என்ன செய்வார் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் கூப்பிட்டால் அது மகள் கூப்பிட்டதாகத்தான் இருக்கும்.

சித்தியின் சங்கத்துப் பெண்களே, ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படும் முன் உங்களில் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து அம்மாவைக் கூப்பிடுங்கள். முதல் தடவை வரமாட்டேன் என்றுதான் சொல்வார். தயவுசெய்து உடனே போய்விடாதீர்கள்.