மங்கை அக்கா தங்கிவிட்ட ஊர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மங்கை அக்காவின் மகள் சுபா. "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்று தமிழில் சொன்னாள். மிச்சத்தை, எந்த மருத்துவமனை, எந்த நாளில் அடக்கம், என்ன நேரம் என்பதையெல்லாம், டேனிஷில் சொன்னாள். ஒற்றைக் காலில் சப்பாத்தோடு கதிரையில் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு வேலையிடத்துக்கு எடுத்து லீவு கேட்டேன். இறந்தவர் நெருங்கிய உறவா என்று கேட்டார்கள். லீவு எழுதுவதற்கு அது தெரியவேண்டும். என் அக்கா என்றேன். முதியோரைக் கழுவித் துடைக்கும் இந்த வேலையில் இத்தனை வருடத்தில் லீவுக்காக நான் சொன்ன ஒரே பொய் அதுதான். சொன்ன பிறகு அது பொய்யாகவும் தோன்றவில்லை.

டென்மார்க்கில் ரண்டர்ஸிலும் பிராண்டேயிலும் ஒடென்சேயிலும் இருக்கிற உங்களில் பலர் மங்கையற்கரசி நடராசாவைக் கலியாண வீடுகளில் கண்டிருப்பீர்கள். சுவரோரமாக ஒரு கதிரையைப் பிடித்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழும்பாமல் இருப்பார். ஒரு தமிழரும் இல்லாத அந்தச் சின்ன ஊரில் ஏன் இன்னும் கிடக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் சிரித்துவிட்டு உங்கள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்திருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மூன்று பேரில் அவருடைய கணவர் நடா அண்ணை முன்னரே போய்விட்டார். இப்போது மங்கை அக்காவும் போய்விட்டார். இனி நான்தான் சொல்லவேண்டும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதம் எங்களைக் கொப்பன்ஹேகன் அகதி முகாமிலிருந்து யூட்லாந்தின் மேற்குப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் என்பதை அவர்கள்தான் தீர்மானித்தார்கள். அங்கே ஆசிரியர் கல்லூரி ஒன்று இருக்கிறது, அது கல்லூரி நகரம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் என் கணவர் பேராதனைப் பல்கலைக்கழகம் மாதிரி ஓர் இடத்தை மனதில் கட்டிவிட்டார். பஸ்ஸால் இறங்கினால் ஒரு நீட்டுத் தெரு, ஒரு தேவாலயம், சாய்த்து வைத்த சைக்கிள்கள், காற்று. பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. அந்த இருட்டில், சேலைக்கு மேலே ஆண்களின் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றார். இரண்டு மாதத்துக்கு முன் அதே ஊருக்கு அனுப்பப்பட்டவர். இன்னொரு தமிழ்க் குடும்பம் வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "வந்திட்டியளோ" என்றார், காலையில் கடைக்குப் போன ஆட்களைக் கேட்பதுபோல. என் கையில் இருந்த பையை அவர் வாங்கிக்கொண்டார்.

எங்களுக்குத் தந்தது மாணவர் விடுதியில் ஓர் அறை. அவர்களுடைய அறைக்கும் எங்களுடையதற்கும் நடுவே ஒரு சுவர்தான். பால் காய்ச்சாமல் குடிபுகக்கூடாது என்று மங்கை அக்கா பிடிவாதமாக நின்றார். இருபது மாணவர்கள் பாவிக்கிற பொதுக் குசினியில் பானையை வைத்து, பால் பொங்கி வழியட்டும் என்று நாலு பேரும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நன்றாகவே வழிந்தது. ஆனால் அது மின்சார அடுப்பு. சூட்டுத் தட்டில் பால் கருகி எழும்பிய புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மாணவர்கள் இருமிக்கொண்டு ஓடிவந்து சன்னல்களைத் திறந்தார்கள். ஒரு பெட்டை தண்ணீர் வாளியோடு வந்து நின்றாள். நான்கு பெரியவர்கள் நின்று பார்த்துக்கொண்டே எப்படிப் பாலை வழியவிட்டார்கள் என்பது அவர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. மங்கை அக்கா மிஞ்சிய பாலைக் கோப்பைகளில் ஊற்றி, சீனி போட்டு, வாளியோடு நின்றவளுக்கே முதலில் கொடுத்தார்.

கல்லூரியைத் துப்புரவு செய்யும் வேலை இரண்டு பேருக்கும் கிடைத்தது. கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து, தரை துடைத்து, மறுபடி இறக்கிவைக்க வேண்டும். குளிரில் கை வெடித்திருக்கும். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் எரியும். அந்த வேலையில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, களைப்புத்தான் இருந்தது. மாணவர்கள் எங்களோடு அன்பாகப் பழகினார்கள். நான் ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு எழுதிவைப்பேன். மங்கை அக்கா கேட்கமாட்டார். "பேர் தெரிஞ்சால் போகேக்கை நோகும் பிள்ளை. இஞ்சை எல்லாரும் போறதுக்குத்தான் வந்திருக்கினம்" என்பார். ஆனி மாதம் வர, அவர் சொன்னது சரியாகிவிட்டது. படிப்பு முடித்தவர்கள் பெட்டிகளோடு போய்விட, எனது கொப்பியில் பெயர்கள் மட்டும் கிடந்தன.

அவருக்கு ஒரே ஒரு தம்பி, குகன். அவர்கள் நாட்டைவிட்டு வெளிக்கிடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆமிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை, வீடும் பூட்டிக் கிடந்தது. வெளியே விட்டால் அவன் முதலில் போகக்கூடிய இடம் சந்தியில் இருந்த கடைதான். அந்தக் கடைக்காரருக்கு மங்கை அக்கா விடுதி முகவரியை எழுதி அனுப்பியிருந்தார். அதன்பிறகு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்துவிட்டது. கடைக்காரர் எங்கே என்று தெரியாது. முகவரி மாறினால் அதைச் சொல்லியனுப்ப ஒருவரும் இல்லை. ஆகவே அவர் அந்த ஊரைவிட்டு அசைய முடியாது. எங்களுக்கோ வந்த முதல் மாதமே அந்த ஊர் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒடென்சேயில் என் கணவரின் ஒன்றுவிட்ட சகோதரன் இருந்தான், தொழிற்சாலைகள் இருந்தன, கதைக்கத் தமிழர் இருந்தார்கள்.

எல்லோருமாகப் போய்விடலாமே, தபாற்கந்தோரில் எழுதிக்கொடுத்தால் கடிதத்தைப் புது முகவரிக்கு அனுப்புவார்களே என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"கடிதத்தை மாத்தி அனுப்புவினம். ஆள் வந்து நிண்டால் ஆர் மாத்தி அனுப்புறது?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்ரை சேதி வருமட்டும் என்னோடை இரு பிள்ளை. பேந்து நீ எங்கையெண்டாலும் போ" என்றார்.

ஓம் என்று சொன்னேன். இருபத்துநான்கு வயதில் ஓம் சொல்வது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவருடைய அறையில் ஒரு சின்ன விளக்கேற்றிக் குகனுக்காகக் கும்பிடுவோம். விளக்கேற்றும் வேலையை என்னிடமே விட்டுவிடுவார். ஆடி மாதம் கல்லூரி பூட்டிக் கிடந்தது. அந்தப் பெரிய விடுதியில் நாங்கள் நாலு பேர் மட்டும். அறைக் கதவுகளைத் திறந்துவிட்டு, நடைபாதை நீளத்துக்குக் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டோம். மீன்குழம்பு மணத்தை முறைப்பாடு செய்ய ஒருவரும் இல்லை. தபால்காரன் எங்களுக்காக மட்டும் வந்துபோனான். அவன் வரும் நேரம் பார்த்து மங்கை அக்கா கீழே இறங்கிப் போவார், வெறுங்கையோடு ஏறி வருவார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அந்த ஒரு மாதம் அவர் நிறையச் சிரித்தார் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. வெயிலால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாரியில் நான் கர்ப்பமானேன். என் கணவர் ஒடென்சேயில் வேலையும் வீடும் தேடத் தொடங்கினார். காரியம் முடியும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடக்கூடாது என்றார். நம்முடைய ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாடு போகிறதென்றாலும், காணி வாங்குகிறதென்றாலும், கலியாணம் பேசுகிறதென்றாலும் கையில் கிடைக்கும்வரை வாய் திறக்கமாட்டோம், கண்பட்டுக் குழம்பிவிடும். அந்த வழக்கத்தின் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். உண்மையில் எனக்குக் கண்ணூறுக்குப் பயமில்லை. மங்கை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் பயம். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய தம்பிக்காக விளக்கேற்றிவிட்டு, என் அறைக்கு வந்து பெட்டியில் உடுப்பு அடுக்கினேன். வீடு உறுதியான பிறகும் சொல்லவில்லை. போவதற்கு முதல்நாள்தான் சொன்னேன். "அப்பிடியோ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பங்குனி முதலாம் திகதி. வான் வந்து நின்றது. என் கணவரும் நடா அண்ணையும் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மங்கை அக்கா மாஜரின் பெட்டி ஒன்றில் புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வழியில் சாப்பிடச் சொன்னார். வெறும் அறையில் நாங்கள் இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம்.

"குகன் இருக்கிறான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஜெர்மனியிலை, முகாமிலை இருக்கிறான். போன ஆடியிலை கடிதம் வந்தது. சொன்னால் நீ போயிடுவாய் எண்டு சொல்லேல்லை."

நானும் வீட்டு விஷயத்தை மறைத்துவிட்டேன் என்று முணுமுணுத்தேன். அது அவருக்குத் தை மாதமே தெரியும். விடுதிக் காவலாளி, நாங்கள் போனதும் எங்களுடைய மூலை அறை வேண்டுமா என்று அவரிடம் கேட்டிருக்கிறான். வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டு, வழக்கம்போல அன்று பின்னேரமும் என் சுவரில் தட்டித் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு வந்தது கோபம்தான். "எட்டு மாசம் என்னை விளக்கேத்த வைச்சியளே, அக்கா" என்றேன். சத்தம் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"எனக்குக் களைச்சுப் போச்சு பிள்ளை" என்றார். "யாழ்ப்பாணம், கொழும்பு, கிழக்கு பெர்லின், கொப்பன்ஹேகன், இஞ்சை. இன்னொருக்கால் பெட்டி கட்ட என்னாலை ஏலாது. தனிய இருக்கவும் ஏலாது."

நான் எழும்பி வானில் ஏறினேன். வழியெல்லாம் கோபமாகவே வந்தேன். அந்தக் கோபம் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அது இல்லாவிட்டால் வானைத் திருப்பச் சொல்லியிருப்பேன். குறைந்தபட்சம் அழுதிருப்பேன். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோசத்தை எட்டு மாதம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த ஒரு மனிதருக்கு, நல்ல சேதி அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன், ஆனால் எழுதவில்லை.

இரண்டு வருடம் கதைக்கவில்லை. ஒருநாள் அவரே தொலைபேசியில் எடுத்தார். என் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார். பிள்ளைக்கு வயது ஒன்றரைக்கு மேலே. கோபமில்லையா என்று கேட்டேன். "கோவிக்கவும் களைப்பாக் கிடக்கு, அதுதான் எடுத்தனான்" என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். சுபா பிறந்தாள். குகன் கனடாவுக்குப் போய்க் குடும்பமானான். அக்காவை வரச்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டான். ஒடென்சேக்கு வாருங்கள் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டதுண்டு. பிறகு அந்தக் கல்லூரியையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மங்கை அக்கா ஊரைவிட்டுப் போகவில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் பாத்திரம் கழுவப் போனார்.

போன புரட்டாதியில் நான் அவரைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். சன்னலோரம் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார். கடிதம் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். நோயாளிகளுக்குப் பொய் சொல்வது என் தொழிலில் பழகிப்போன ஒன்று. அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"போயிருப்பன் அக்கா."

"அதுதானே" என்றார், சிரித்தபடி. "அப்ப எட்டு மாசம் எனக்குக் கிடைச்சுது."

அடக்கத்தில் அவரைப் பொறுமைசாலி என்று பேசினார்கள். தமிழ்க் கூட்டங்களிலும் இனி அப்படித்தான் பேசுவோம். அவர் பொறுமைசாலியல்ல. களைத்துப்போன ஒரு மனிதர், தனியே இருக்கப் பயந்தவர், தன் தம்பியின் உயிர்ச் செய்தியைக்கூட என்னைப் பிடித்துவைப்பதற்காக மறைத்தவர். அந்தப் பொய்யைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். ஒடென்சேயில் எனக்கு நிறையச் சனம் இருக்கிறது. கலியாணத்துக்கு வா என்பார்கள், செத்தவீட்டுக்கு வா என்பார்கள், வேலைக்கு ஆள் குறைவு, வா என்பார்கள். வருகிறேன், போகிறேன். இத்தனை வருடத்தில் என்னை இரு என்று கேட்டவர் மங்கை அக்கா ஒருவர்தான். நான் இருக்கவில்லை.