ஈசான மூலைப் படிக்கட்டு

மக்கள் கூடும் மேல்தளத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்று விலகிய இரண்டு படிக்கட்டுகள் இருக்க வேண்டும். இரண்டும் எந்நேரமும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும். விதி இதில் தெளிவாகவே இருக்கிறது. பணிக்காலம் முழுவதும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இத்தகைய கோப்புகளோடு கழித்தவன் நான். எங்கே போனாலும் முதலில் இரண்டாவது படிக்கட்டைத் தேடுவேன். காட்சி அதற்குப் பிறகுதான்.

யாழ்ப்பாண நகரில், ஏழாம் மாடியில், பல வருடங்களாக நடக்கும் அந்த உணவகத்தில் காட்சிக்குக் குறைவில்லை. கண்ணாடிச் சுவரோரம் இருந்தால் கோட்டையும் கடல்நீரேரியும், இருட்டியதும் கொழும்புத்துறைப் பக்கத்து வள்ளங்களின் வெளிச்சமும் தெரியும். என் மனைவியின் தம்பி அங்கே தலைமைச் சமையற்காரன். ஓய்வூதியம் எடுக்கும் நாளில் நாங்கள் அங்கே சாப்பிடுவது வழக்கம்.

போன வருடம் வியாபாரம் படுத்தது. முதலாளி வாஸ்து பார்ப்பவரை அழைத்தார். பின்படிக்கட்டு ஈசான மூலையில் இருக்கிறது, வரும் செல்வம் அதன் வழியே இறங்கிப் போகிறது என்றார் அவர். நல்ல நாள் பார்த்துப் படித்தளத்தில் பிள்ளையாரை வைத்து, கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார்கள். கீழ்ப்படிகளில் எண்ணெய்த் தகரங்களை அடுக்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குசினியும் காஸ் சிலிண்டர்களும். இந்தப் பக்கம் அணையவே விடக்கூடாத விளக்கு.

“தம்பி, நெருப்புப் பிடிச்சா எதாலை வெளியிலை போவாய்?” என்று மைத்துனனைக் கேட்டேன்.

“பிள்ளையார் இருக்கிறார்தானே, அத்தான்.”

“அவர் இருக்கிறதுதான் பிரச்சினை. எழும்பி வழி விடமாட்டார்.”

“உங்களுக்குப் பென்சன் வந்திட்டுது, ஓய்வுதான் வரேல்லை. றால் ஆறுது, சாப்பிடுங்கோ. அவர் வந்தாப் பிறகுதான் சனமும் வருது.”

“அவன்ரை வேலையைக் கெடுத்துப்போடாதேங்கோ” என்றாள் மனைவி.

மாநகரசபைக்கு முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பரிசோதகர் வந்தாராம். சப்பாத்தைக் கழற்றினார், திருநீறு பூசினார், மோதகம் சாப்பிட்டார், போனார். இவ்வளவு பக்தியான பரிசோதனையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

அடுத்த முறை நாங்கள் போனபோது மின்சாரம் நின்றது. லிப்ற்றும் நின்றது. கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுக்க இருட்டு. உள்ளே கம்பிகளுக்குப் பின்னால் அந்தச் சுடர் மட்டும். குசினிப் பக்கமிருந்து காஸ் மணத்தது. ஒருவரும் எழும்பவில்லை. யாரோ கைபேசியை உயர்த்தி இருட்டைப் படம் எடுத்தார்கள்.

“அவனைக் கூப்பிடுங்கோ” என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “குழாய் கொஞ்சம் கசியுது, அக்கா. மாத்துவம்.”

மறுநாள் நினைவூட்டல் கடிதத்தை மனைவியே தபாலகத்துக்குக் கொண்டுபோனாள். பிறகும் மாதங்கள் போயின.

கடைசியில் பதில் வந்தது. குறித்த இடம் தற்போது வழிபாட்டிடமாக இருப்பதால் அதைப் படிக்கட்டாகக் கருத முடியாது. முறைப்பாடு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. குறை சொல்ல இடமில்லாத கடிதம். அந்தக் கதிரையில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தம்பிக்கு அழைப்பு எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. மோதகம் அவிக்க விடியவே மேலே போயிருந்தான். படித்தளம் முழுக்க விளக்கேற்றுவதாக முதலாளியின் நேர்த்திக்கடன். பதில் வந்த நாள் ஆவணிச் சதுர்த்தி.